இரண்டாம் எண் வடிதாளின் மீதிப் பாதி

போன மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் புதுக் கருவி ஒன்றைத் திறந்து வைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போனேன். பழைய ஆட்கள் நான்கு பேர் வந்திருந்தோம். அதில் ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

கருவியின் தலையில் வட்டமாக ஒரு தட்டு. அதில் ஐம்பது குழி. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்பதுதான் இருந்தது. ஒவ்வொரு குழியிலும், கடல்நீரிலிருந்து வடித்தெடுத்த துகளை வெள்ளீயத் தகட்டில் மடித்து மிளகு போல வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக விழுந்து எரிந்து, அதன் எண் திரையில் வந்துவிடுமாம்.

“இதுல துகளே இல்லாத வெற்றுத் தாள் எத்தனை?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சாஃப்ட்வேரே கழிச்சிடும் சார்,” என்றார் அங்கிருந்த இளைஞர்.

“ஒரே துகளை ரெண்டு தடவை எரிப்பீங்களா?”

“தேவைப்பட்டா செய்வோம் சார். அந்தக் காலத்துல நீங்க ஒரு நாளைக்கு எத்தனை செய்வீங்க?”

“ஒண்ணு.”

எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் இருந்தால் ஒன்று என்று சொல்ல வந்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது. தேவைப்பட்டால் செய்வோம் என்ற அந்தச் சொல் மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்து, இரண்டு நாள் தூங்கவிடவில்லை. யாருக்குத் தேவைப்பட்டால்? அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடம் கடல்நீரைக் கண்ணாடி இழைத் தாளில் வடித்தால், தாளின் மேல் பழுப்பாக ஒரு படலம் நிற்கும். உயிருள்ள நுண்பாசி, செத்த பாசி, அழுகிய இலை, ஆலைக் கழிவு, எல்லாம் சேர்ந்த துகள். அழுகிய பிறகு எது எதிலிருந்து வந்தது என்று நுண்ணோக்கிக்குத் தெரியாது. அதிலுள்ள கார்பனுக்குத் தெரியும். கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுக் கனமானது. கரும்பு இந்தக் கனமான கார்பனை அதிகம் சேர்த்துக்கொள்ளும், நெல்லும் சவுக்கும் குறைவாகச் சேர்க்கும், கடல்பாசி இடையில் நிற்கும். ஒரு பழைய சுண்ணாம்புக் கல்லைச் சுழியமாக வைத்து, அதைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று எண் போடுவார்கள். கரும்புக்குக் கழித்தல் பன்னிரண்டை ஒட்டி வரும். கடல்பாசிக்கு இருபதை ஒட்டி. நெல்லுக்கும் சவுக்குக்கும் இருபத்தேழை ஒட்டி. கிளிஞ்சல் மட்டும் சுழியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்வது புரியும்.

நான் வேதியியல் பட்டம் வாங்கி, அறுபதுகளின் கடைசியில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். மூன்றாம் வருடம் கண்ணாடி ஊதக் கற்றேன். இடது கையில் ஐந்து தழும்பு இருக்கிறது. அதன்பின் கும்மிடிப்பூண்டியில் வாடகைக் கட்டடத்தில் ஒரு கிளைக்கூடம் திறந்து என்னை அங்கே போட்டார்கள். பழவேற்காடு ஏரி பக்கத்தில் இருந்தது, அங்கிருந்த ஆலைக் கொட்டகைகளுக்கு என்று உலை ஓட்டக்கூடிய மும்முனை மின்சாரமும் வந்திருந்தது. அந்த இரண்டு காரணம்தான். ஆட்கள் இரண்டு பேர். நானும், எனக்கு மேலே டாக்டர் சுலோசனாவும்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். குரலை உயர்த்த மாட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். ஒரு வேலை சரியாக வந்தால், “அடுத்தது” என்பார். சரியாக வராவிட்டால், “மறுபடியும்” என்பார். எனக்கு ஆயுசுக்கும் அவரிடமிருந்து கிடைத்தவை இந்த இரண்டு சொற்கள்தான். முதலாவதைவிட இரண்டாவது அதிகம்.

வடிதாளைத் தொடும் நாட்களில் நாங்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. எண்ணெயிலும் கார்பன்தான் இருக்கிறது. ஊதுவத்தி கூடாது, பவுடர் கூடாது, கூடத்துக்குள் நாஷ்டா கூடாது. பரட்டைத் தலையோடு பஸ் ஏறும் என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என் மனைவியிடம், “வீட்ல ஏதாவது துக்கமா?” என்று விசாரித்திருக்கிறார். தாள்களை முதலில் வெறும் உலையில் வைத்துச் சுட்டு, அவற்றில் இருக்கும் கார்பனைப் போக்குவோம். பிறகு இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். நான்கு தாள் வடித்தால் ஐந்தாவதாக ஒரு வெற்றுத் தாளையும் அதே சடங்கெல்லாம் செய்து எரிப்போம். ஒன்றுமே இல்லாததை எரிக்க ஒரு நாள் போகிறதே என்று எனக்கு வயிறு எரியும். சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, எல்லப்பன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஏரிக்கரைக் குப்பத்தில் வலை போடுகிறவர்; எங்களுக்கு நீர் எடுக்கப் படகு ஓட்டுகிறவரும் அவர்தான்.

“டாக்டரம்மா, தண்ணி காப்பித் தண்ணியாட்டம் வருது. எறா எல்லாம் மொதந்துக்கினு கெடக்குது. நாத்தம் கொடலப் புடுங்குது. வந்து பாரு.”

டாக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டில்களை எடுத்தார். நான் எண்ணிக் கொடுத்தேன்: மூன்று.

ஏரிக்குள் ஒரு கால்வாய் வந்து விழும். அதன் மேல்பக்கம் ஓர் ஆலை இருந்தது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகை நொதிக்க வைத்து ஸ்பிரிட் எடுக்கிற ஆலை. பெயர் இங்கே வேண்டாம். கால்வாய் வாயில் நீர் பழுப்பாக, இனிப்பும் அழுகலும் கலந்த வாடையோடு நின்றது. படகில் எல்லப்பன் பீடியை எடுத்தார்.

“அணைச்சிடுங்க,” என்றார் டாக்டர்.

“திறந்த வெளிதானே அம்மா. பீடிகூடவா கணக்குல வரும்?”

“வரும்.”

“பீடியும் கூடாது, எண்ணெயும் கூடாது. உன்னாண்ட வேல பாக்கறதுக்கு சாமியாரா பூடலாம்,” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

ஏரியில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். இறால் வரும் இடங்களைப் பங்கு பிரித்து, எந்த நாளில் எந்தக் கூட்டம் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை வராத இடத்தில் வலை இறக்க முடியாது. இறக்கினால் ஊரே தள்ளி வைக்கும். அன்று கால்வாய் வாய் தெற்குத் தெருக் கூட்டத்துக்குப் பாடு. குப்பத்துக்கு நேர் எதிரே, கிளிஞ்சல் தோண்டுகிற மேட்டை ஒட்டிய இடம் எல்லப்பன் கூட்டத்துக்கு. இரண்டு இடத்திலும் வலை நிறையச் செத்த இறால்தான்.

“நல்ல பாடு நைனா இது,” என்றார் என்னிடம். “இதுக்காக எம்மா நாளு காத்துக்கினு இருந்தோம் தெரியுமா? இது போச்சுன்னா, சுத்திக்கினு திரும்ப என் கைக்கு வர்றதுக்குள்ள பருவமே முடிஞ்சிடும்.”

கால்வாய் வாயில் எடுத்த நீர் ஒன்றாம் எண். எல்லப்பனின் வலையடியில் எடுத்தது இரண்டாம் எண். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நல்ல நீரில் எடுத்தது மூன்றாம் எண். அன்று மாலையே வடித்தோம். மறுநாள் பெய்த மழையில் ஏரி கலங்கி, பழுப்பெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. திரும்ப எடுக்கலாம் என்றால் எதை எடுப்பது? அந்த மூன்று தாள்தான் மிச்சம்.

குப்பத்துக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஆலைத் தரப்பு, ஏரியில் பாசி பொங்கி அழுகி இறால் செத்தது, இது இயற்கை என்றது. விசாரணை திருவள்ளூரில் என்று தகவல் வந்தது. பாசியா, கரும்புப் பாகா என்பதைச் சொல்லக்கூடியவை அந்த மூன்று தாள். எல்லப்பன் அதைக் குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

வேலை இப்படி. வடித்த தாளை ஒரு கனத்த கண்ணாடிச் சாடிக்குள் வைத்து, அடியில் கிண்ணத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்து மூடிவிட வேண்டும். அமிலப் புகை, தாளில் இருக்கும் கிளிஞ்சல் பொடியைத் தின்றுவிடும். கிளிஞ்சல் உயிர்ப்பொருள் அல்ல, சுண்ணாம்பு. அது மிச்சமிருந்தால் எண்ணைச் சுழியத்தின் பக்கம் இழுத்துவிடும். பிறகு தாளை உலர்த்தி, இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பத்திரப்படுத்தி, ஒரு பாதியைச் செம்பு ஆக்சைடோடு குவார்ட்ஸ் குழாயில் வைத்துச் செஞ்சூட்டில் எரிக்க வேண்டும். வருகிற கார்பன் டை ஆக்சைடைத் திரவ நைட்ரஜனில் மூழ்கிய வளைகுழாயில் உறைய வைத்து, மற்ற வாயுக்களைப் பம்பால் இழுத்துவிட்டு, உறைந்ததைச் சின்னக் கண்ணாடிக் குழலுக்கு மாற்றி, தீயால் கழுத்தை உருக்கி மூட வேண்டும். அந்தக் குழல்களை வடக்கே ஒரு நிறுவனத்துக்கு ரயிலில் கொடுத்தனுப்புவோம். அங்கேதான் எடை பார்க்கும் கருவி. எண் தந்தியில் வரும்.

திரவ நைட்ரஜனை மெட்ராஸிலிருந்து நான்தான் பாசஞ்சரில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். குடுவையை இறுக மூட முடியாது, மூடினால் வெடிக்கும். வழியெல்லாம் புகையும்.

“இன்னா சார், ஐஸ் வண்டியா?” என்று கேட்பார்கள்.

“நைட்ரஜன்.”

“எனக்கு ஒரு கப்பு குடேன்,” என்பார்கள். வண்டியே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அது எவ்வளவு குறைந்தது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன்.

முதல் தந்தி வந்த அன்று எல்லப்பனும் கூடத்தில் இருந்தார். டாக்டர் படித்தார். ஒன்றாம் எண் கழித்தல் பதின்மூன்று. இரண்டாம் எண் கழித்தல் பதினைந்து. மூன்றாம் எண் கழித்தல் இருபது.

“கரும்புதான்,” என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது. “ரெண்டு இடத்துலயும் கரும்பு.”

எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப மாட்டிக்கினான். ரெண்டு பாடும் கணக்குல ஏறிடுச்சு. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

“இருங்க,” என்றார் டாக்டர்.

அவர் இரண்டாம் எண் தாளின் மீதிப் பாதியை எடுத்து, உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொட்டுக் குழாயால் அதன் ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம் வைத்தார். என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பழுப்பின் நடுவே வெள்ளையாக ஒரு பொடி. அதிலிருந்து ஒரு குமிழி கிளம்பி உடைந்தது. இன்னொன்று. மூன்றாவது வரும்போது நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

கிளிஞ்சல். அமிலம் அதை முழுக்கத் தின்னவில்லை. சாடியில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்ற கணக்கு டாக்டரே போட்டது. திறந்த கடல் நீருக்கு என்று போட்ட கணக்கு. கிளிஞ்சல் தோண்டுகிற மேட்டுப் பக்கத்து நீருக்கு அது போதவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். மற்ற இரண்டு பாதியிலும் சொட்டு வைத்தோம். குமிழி வரவில்லை.

“என் கணக்கு தப்பு,” என்றார். “மறுபடியும்.”

எல்லப்பனுக்கு விஷயத்தைச் சொல்லி விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வந்த நம்பர எதுக்கும்மா திரும்பக் கொளுத்தற?” என்றார். “நம்பரு நமக்குத்தானே வந்துகீது?”

“அது உங்க நம்பரா, கிளிஞ்சலோட நம்பரான்னு எனக்குத் தெரியலை.”

“அந்த மூணு குமிழிய யாரு பாத்தா? நீ பாத்த, சார் பாத்தாரு. நான் பாக்கவேல்ல. வக்கீலும் பாக்கல.”

“நான் பாத்துட்டேனே.”

“திரும்பக் கொளுத்தி அது பாசின்னு வந்துட்டா?”

“பாசின்னுதான் எழுதுவேன். கொளுத்தலைன்னா இந்த எண்ணை எழுதவே மாட்டேன். அப்போ உங்க இடத்தைப் பத்தி என்கிட்ட ஒரு சொல்லும் இருக்காது. கொளுத்தினா, கரும்புன்னு நிக்கிறதுக்கும் வழி இருக்கு.”

எல்லப்பன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பக்கம் பேச எனக்கு ஆசைதான். அந்தக் குமிழிகளைப் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. “பெரிய பேஜாரும்மா உன்னோட,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் எண்ணை மட்டும் எரித்தால் போதாதா என்று டாக்டரிடம் கேட்டேன். நைட்ரஜனுக்கு நான் அலைய வேண்டியிருந்தது. “ஒண்ணாம் எண்ணுக்கு ஒரு நியாயம், ரெண்டுக்கு ஒரு நியாயமா?” என்றார். ஒன்றாம், இரண்டாம் எண்களின் மீதிப் பாதிகளைச் சாடியில் வைத்தோம்; மூன்றாம் எண்ணுக்கு நைட்ரஜன் போதாது. இந்தத் தடவை அமிலத்தை மாற்றி மாற்றி வைத்து, ஓரத்தில் சொட்டு விட்டால் குமிழி வருவது நிற்கும்வரை எடுக்கவில்லை. ஒன்றாம் எண் ஒரு தடங்கலும் இல்லாமல் எரிந்தது. குடுவையில் இன்னொன்றுக்குத்தான் நைட்ரஜன் மிச்சம். விசாரணை நெருங்கிவிட்டது, மெட்ராஸ் போய் வந்தால், குழல் வடக்கே போய்த் தந்தி திரும்ப நேரம் இருக்காது.

இரண்டாம் எண்ணை எரிக்கிற அன்று, மதியம் எல்லப்பன் வந்தார். கதவோரம் நின்றார். டாக்டர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

உலை சிவந்திருந்தது. தாள் குழாய்க்குள் போய்விட்டது. வளைகுழாயின் கண்ணாடியில் பனி படரத் தொடங்கியது. அப்போது மின்சாரம் நின்றது.

இப்படி நிற்கும்போது முதலில் பம்ப்பின் திருகை மூட வேண்டும். மூடாவிட்டால் பம்ப்பின் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும், அத்தோடு எல்லாம் முடிந்தது. திருகின் மேலிருந்த கையை நான் அழுத்தித் திருப்பினேன். உலை ஆறத் தொடங்கினால் தாள் பாதி எரிந்தும் எரியாமலும் நிற்கும். அப்படி வருகிற வாயுவின் எண் பொய் சொல்லும். டாக்டர் குழல் மூடுகிற தீக்குழாயைப் பற்ற வைத்து, உலையைப் பின்னுக்குத் தள்ளி, தாள் இருந்த இடத்துக் குவார்ட்ஸைத் தானே சுடத் தொடங்கினார். அவர் கை அங்கே. என் இரண்டு கை இரண்டு திருகில். வளைகுழாயின் அடியில் நைட்ரஜன் குடுவை ஒரு மரக்கட்டையின் மேல் நின்றது. நைட்ரஜன் இறங்க இறங்கக் குடுவையை மேலே தூக்கிக் கட்டை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வளைவு வெளியே தெரிந்தால் உறைந்தது ஆவியாகிவிடும். பார்த்துக்கொண்டிருந்தேன், நைட்ரஜன் வளைவுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

“எல்லப்பன்,” என்றார் டாக்டர், திரும்பாமல். “அந்தச் சாக்கை கையில சுத்திக்கிட்டுக் குடுவையைத் தூக்கிப் பிடிங்க. வளைவு முங்கியே இருக்கணும். கண்ணாடியில இடிக்கக் கூடாது.”

அவர் வந்து குந்தி உட்கார்ந்து, சாக்கைச் சுற்றிக் குடுவையைத் தூக்கினார். ஆடுகிற படகில் நின்று வலை இறக்கிய கை. அசையவில்லை.

தீக்குழாயின் சீறல் மட்டும் கேட்டது. தாள் எரிந்து முடிந்ததும், வளைகுழாய்க்குப் போகும் திருகைத் திறக்கச் சொன்னார் டாக்டர். வாயு வந்து உறைந்தது. ஆனால் பம்ப் ஓடாமல் மற்ற வாயுக்களை இழுக்க முடியாது. மின்சாரம் வரும்வரை அதை அப்படியே உறைந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எல்லப்பன் குடுவையை விரல் விரலாக உயர்த்திக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் போய்விட்டது. எழுந்து முட்டி மடக்கி நின்றார்.

“டாக்டரம்மா.”

“சொல்லுங்க.”

“இப்ப இத நான் எறக்கிட்டா இன்னா ஆவும்?”

டாக்டர் அவரையே பார்த்தார்.

“வாயு போயிடும். எண் வராது.”

“அப்ப பழைய நம்பரு நிக்குமா?”

“நிக்காது. எதுவுமே நிக்காது.”

எல்லப்பன் காதில் செருகியிருந்த பீடி கீழே விழுந்தது. அதைப் பார்த்தார். குடுவையை இன்னொரு விரல் உயர்த்தினார்.

குடுவையின் அடியில் ஒரு டம்ளர் அளவுதான் மிச்சமிருந்தபோது பம்ப் கடகடவென்று ஓடத் தொடங்கியது. நான் திருகைத் திறந்தேன். அழுத்தம் காட்டும் குழாயில் பாதரசம் இறங்கி நின்றது. மிச்ச நைட்ரஜனைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, உறைந்ததைக் குழலுக்கு மாற்றினோம். டாக்டர் கழுத்தை உருக்கி மூடினார். வெளிச்சத்தில் உயர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

“அடுத்தது,” என்றார். அடுத்தது என்று ஒன்றும் இல்லை.

எல்லப்பன் கை இரண்டையும் அக்குளில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நானே வாயில் ஊற்றினேன்.

இரண்டாவது தந்தி வந்தது. ஒன்றாம் எண் கழித்தல் பதின்மூன்று. அசையவில்லை. இரண்டாம் எண் கழித்தல் பத்தொன்பது.

பாசி. மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. டாக்டர் என்னை அனுப்பவில்லை, தானே குப்பத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். எல்லப்பன் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அவர் கூட்டத்து ஆட்கள் ஆறேழு பேர் சுற்றி நின்றார்கள்.

“கால்வாய் வாயில கரும்புதான், சந்தேகமே இல்லை,” என்றார் டாக்டர். “உங்க இடத்துத் துகள் பாசி. கழிவு கரைஞ்சு அங்கேயும் வந்திருக்கலாம். இறால் அதனாலயே செத்திருக்கலாம். ஆனா என் தாள் அதைச் சொல்லலை. சொல்லாததை நான் சொல்ல முடியாது.”

ஒரு கிழவர் எல்லப்பனைப் பார்த்து, “நீயே தூக்கிப் புடிச்சியாமே?” என்றார். யாரோ சிரித்தார்கள். “தெற்குத் தெருக்காரனுக்குத் தூக்கிப் புடிச்சிருக்கான்டா. அவனுங்கோ ஊட்ல போய் விருந்து சாப்புடு, போ.”

எல்லப்பன் தலையைத் தூக்கவில்லை. ஊசி ஒரு கண்ணில்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

திருவள்ளூரில் விசாரணை அன்று அறை நிறைய ஆட்கள். ஆலையின் வக்கீல் முதல் தந்தியின் எண்களை எங்கிருந்தோ தெரிந்துவைத்திருந்தார். எழுந்தவுடன் அதைத்தான் எடுத்தார்.

“இரண்டாம் எண்ணுக்கு முதலில் பதினைந்து என்று வந்தது உண்மையா?”

“உண்மை.”

“இப்போது பத்தொன்பது என்கிறீர்கள். எது உங்களுக்கு வேண்டுமோ அது வருமா அம்மா?”

அறையில் சிரிப்பு. டாக்டர் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, கிளிஞ்சல், அமிலம், குமிழி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் கணக்கு தவறு என்பதையும் சொன்னார்.

“அப்படியானால் ஒன்றாம் எண்ணும் தவறாக இருக்கலாமே?”

“இருக்கலாம் என்றுதான் அதையும் இரண்டாவது முறை எரித்தோம். இரண்டு முறையும் பதின்மூன்று.”

“ஏரிக்கு அடியில் வளரும் கடற்புல்லுக்கும் இந்த மாதிரி எண்தானே வரும்?”

“வரும். கால்வாய் வாயில் கடற்புல் இல்லை. இருக்கும் இடம் முகத்துவாரப் பக்கம். அங்கே எடுத்த துகள் இருபது.”

விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தி, “இரண்டாவது முறை எரிக்கச் சொல்லி உங்களை யாராவது கேட்டார்களா?” என்றார்.

“இல்லை.”

அவர் திரும்ப எழுதத் தொடங்கினார். வக்கீல் உட்கார்ந்தார்.

கால்வாய்க்குள் வந்த ஆலையின் குழாயை அடைக்க உத்தரவானது. அன்று கால்வாய் வாயில் பாடு யாருடையதோ அவர்களுக்கு நிவாரணம். பாடு முறை ஊருக்கே மனப்பாடம், அதில் யாரும் பொய் சொல்ல முடியாது. தெற்குத் தெருக் கூட்டத்துக்குக் கிடைத்தது. எல்லப்பன் கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பருவம் அவர் கூலிக்குக் கிளிஞ்சல் தோண்டப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

திரும்பும்போது ரயிலில் டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும், “அவர் குடுவையை இறக்கியிருக்கலாம்,” என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு நீர் எடுக்க வேறு படகு பிடித்தோம். எல்லப்பனை வழியில் பார்த்தால் நான் சைக்கிளிலிருந்து இறங்குவேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். இப்படி இரண்டு மழைக்காலம் போனது.

மூன்றாவது மழைக்காலம் முடிந்து, ஒரு காலை நேரம். நான் தாள் சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் சாயும் சத்தம். எல்லப்பன் கூடைக்குள் ஈரத்துணி சுற்றி மூன்று கண்ணாடி பாட்டில் கொண்டுவந்திருந்தார். மூன்றும் நாங்கள் எப்போதோ படகில் மறந்துவிட்டு வந்தவை. அவற்றின் கணக்கு எனக்கு அதுவரை உதைத்துக்கொண்டிருந்தது.

“தண்ணி திரும்பவும் நெறம் மாறுது,” என்றார். “இது கால்வா வாயி. இது அப்ப என் வலை இருந்த எடம். இந்தவாட்டி கிளிஞ்ச மேட்டாண்ட எடுக்கல, தள்ளிப் போய் எடுத்தேன். இது முகத்துவாரம், நல்ல தண்ணி. பீடி புடிக்கல. தலைக்கு எண்ணெ வைக்கல, பாத்துக்க.”

குனிந்து தலையைக் காட்டினார். டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

“உங்க பாடு எங்கே இப்போ?” என்று கேட்டார்.

“கால்வா வாயி.”

நான் ஒன்றாம் எண் பாட்டிலைக் கையில் வாங்கினேன். “இதை முதல்ல எரிச்சிடலாம் அம்மா. கரும்புன்னு வந்துட்டா உடனே...”

“இன்னா சார் நீ,” என்றார் எல்லப்பன். “ஒருவாட்டி கொளுத்தி வர்ற நம்பர எவன் நம்புவான்? ரெண்டுவாட்டி கொளுத்து. நான் வந்து தூக்கிப் புடிக்கறேன்.”

டாக்டர் என்னிடமிருந்த பாட்டிலை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு வெற்றுத் தாள் ஒன்றை இடுக்கியால் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.